இரண்டு கோராக்கள்

தென்னாப்பிரிக்காவின் கிரஹாம்ஸ்டவுன் நகர அச்சகத்தில் மலுசி எல்லைப் போர்ச் செய்திக்கு ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தான். "கொள்ளையர் பதுங்கிடமான கோரா எரித்து அழிக்கப்பட்டது" என்ற வரியில் அவன் கை நின்றது.

அவன் மக்களான ஷோசாக்களின் நாட்டில், ஆற்றுக்கு இக்கரையில் ஒன்றும் அக்கரையில் ஒன்றுமாகக் கோரா என்ற ஊர் இரண்டு உண்டு. ஒன்றை நாக்கால் முன்பல்லில் சொடுக்கிச் சொல்ல வேண்டும், மற்றதை மேலண்ணத்தில் சொடுக்க வேண்டும். வெள்ளைக்காரர் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது ஊரில் அவன் தங்கை நோங்கேசி கைக்குழந்தையோடு இருந்தாள்.

செய்தி கொண்டுவந்த சிப்பாய் வாசலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். மலுசி ஓடிப்போய் இரண்டு பெயரையும் சொல்லிக் காட்டினான். "இதுல எது, பாஸ்?"

"ரெண்டும் கோழியைக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று சிப்பாய் சிரித்தான்.

"ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"ஒரே புகை. யாரு பாத்தா?"

பத்திரிகை ஆசிரியர் ஹாலோவே உள்ளிருந்து குரல் கொடுத்தார். "எந்தக் கோராவா இருந்தா என்னடா? படிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கோத்து முடி."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல, பாஸ்."

மலுசி மசி படிந்த மேலங்கியைக் கழற்றி எழுத்துப் பெட்டியின் மேல் போட்டான். ஆற்றுக்கு இரண்டு நாள் நடை.

"இப்பப் போனா திரும்ப வராத" என்றார் ஆசிரியர். அதற்குள் அவன் தெருவில் இறங்கியிருந்தான்.