சத்தம் விழாத படம்

ஆற்று வேலையைப் படம் பிடிக்க வந்தவர் படகின் மேல்தட்டிலேயே முக்காலியை நிறுத்தி, கேமராப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். "சத்தமும் இதுல விழுமாங்க?" என்று சுக்கான்காரன் கேட்டான்.

"முகம் மட்டுந்தான். வாய்க்கு வந்தத பேசுங்க, கை மட்டும் நிக்கக் கூடாது" என்றார் அவர். சும்மாவே வாய் ஓயாதவன் நம் சுக்கான்காரன். இப்படிச் சொல்லிவிட்டால் கேட்கவா வேண்டும்!

கரி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கூட்டாளி ஒருவன், "வீட்டுக்காரிய கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றான். நாலு பேர் சிரிக்கட்டுமே என்று இவன் சொன்னான்: "அந்தச் செவிட்ட எதுக்கு? என் தலையில கட்டிட்டாங்க. எறக்கி வைக்கத்தான் கரை தேடிட்டிருக்கேன்." எல்லாரும் சிரித்தார்கள். கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தது.

கொட்டகைக்குப் படம் வந்தபோது மனைவியை அவனே பெருமையாக அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள் அவள்; பேச்சு போகவில்லை. யார் பேசினாலும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திய புத்திசாலிக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

திரையில் ஆறு வந்தது, மூட்டைகள் வந்தன, பிறகு சுவர் அகலத்துக்கு அவன் முகம் வந்தது. கொட்டகையே கைதட்டியது. அவளும் தட்டினாள்; பாதியில் நிறுத்திவிட்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

விளக்கு போட்டதும் அவள் கேட்டாள்: "அதுல என்ன சொன்னீங்க?"

"கயித்த இழுத்துக் கட்டச் சொன்னேன்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். அவள் முகம் தெளிந்தது. பாவம், அதை நம்பத்தான் அவளுக்கும் ஆசை. அதைப் பார்த்தபோது முன்னைவிட அவமானமாக இருந்தது.

"இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" என்று கூட்டம் கத்தியது. அவன் அவள் கையைப் பிடித்து, "வா, போயிடலாம்" என்றான்.

"இருங்க. நான்தான் தப்பாப் பாத்திருப்பேன். சரியாப் பாத்துடறேன்."

விளக்கு அணைந்தது. இம்முறை அவன் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்வரிசையில் மறுபடியும் கைதட்டல் எழுந்தது. அவள் கைகள் மடியிலேயே கிடந்தன.

"ரெண்டாவது தரமும் அதையேதான் சொன்னீங்க" என்றாள்.