எக்ஸ் கிடைத்த பிறகு

...ஆக, இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் குத்தெதிர்க் கோணங்கள் சமம், இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், ஒரு பக்கம் மூன்று எக்ஸ் கூட்டல் பத்து, எதிரே ஐந்து எக்ஸ் கழித்தல் முப்பது, நடுவில் சமக்குறி, இனி எக்ஸையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கு, எண்களை மறுபக்கம், வெள்ளைத் துணி தனி, சாயத் துணி தனி, ஆஸ்பத்திரி சலவை அறையில் தினமும் செய்கிற வேலைதானே... இரண்டு எக்ஸ் நாற்பது, எக்ஸ் இருபது. அடிக்கோடு போட்டாள். இந்தப் பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று தேறிவிட்டால் சலவை அறையிலிருந்து மாடிக்கு, ரத்தம் பரிசோதிக்கும் கூடத்துக்கு, உதவியாளராகப் போய்விடலாம், சோடா நெடி இல்லாத ஓர் அறை, ஜன்னல்கூட உண்டு. காலையில் அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்தனை மணிக்கு முடியும்?" என்றார், ஏன், வயிற்றுக் கவலையா, "சமைச்சு வெச்சுட்டுத்தான் போறேன், பட்டினி கிடக்க மாட்டீங்க," என்று வெடுக்கென்று சொன்னாள், அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புத்தகம் வாங்கிய அன்று "இந்த வயசுல பரீட்சையா?" என்று சிரித்தவர்தானே, வேறென்ன கேட்பார்...

மணி அடிக்கப்போகிறது. விடைத்தாளைக் கட்டுவதற்கு நூலை எடுத்தவளுக்கு நாத்தனாரின் குரல் நினைவில் கேட்டது, சமையல் மேடையில் வெங்காயத் தோலுக்கு நடுவே நோட்டை விரித்துச் சொல்லிக்கொடுத்தவள், "என்ன அண்ணி, எக்ஸைப் பிடிச்சதும் திருடனையே பிடிச்ச மாதிரி பேனாவைக் கீழ வெச்சுடுறீங்க? அவங்க கேட்டது கோணம். திரும்பக் கொண்டுபோய்ப் போடுங்க." ஐயோ, போன தடவை கோட்டை விட்டதும் இதே இடத்தில்தான்! மூவிருபது அறுபது, கூட்டல் பத்து, எழுபது. எதிர்ப்பக்கம் நூறு கழித்தல் முப்பது, அதுவும் எழுபது. பக்கத்துக் கோணம் நூற்றுப்பத்து, சேர்த்தால் நூற்றெண்பது, கோடு நேராக நிற்கிறது. எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

தாளைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். தேறிவிடலாம்... இந்த முறை தேறிவிடலாம். வாசலுக்கு வெளியே ஒரு வேன் ஹாரன், இரண்டு முறை, குட்டையாக. பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற இந்நேரம் அவர் ஊரின் அந்தக் கோடியில் இருக்க வேண்டும், உலகத்தில் வேனுக்கா பஞ்சம்... ஆனாலும் நின்றாள். எத்தனை மணிக்கு முடியும் என்றுதானே கேட்டார், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கவில்லையே. பாதியிலேயே அடிக்கோடு போட்டுவிட்டோமோ?