பேர் போடாத வேலை

ஐயாவுவின் தாத்தா பெரிய கங்காணி. தகப்பனார் கணக்கப்பிள்ளை. ஐயாவுவும் ஓய்வு பெறும்வரை கங்காணிதான். மூன்று தலைமுறையாக அந்த வீட்டு ஆண்கள் மண்வெட்டி பிடித்ததில்லை. எஹலியகொடைக்கு மேலேயுள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

போன மழையில் மதகு இடிந்ததிலிருந்து பஸ் மேலே வருவதில்லை. இரத்தினபுரி கிளினிக்குக்குப் போகும் அவர் மனைவி சுப்பம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் கீழ்ச்சந்திவரை தூக்கிப் போனார்கள். தன் வீட்டுப் பெண் ஊரார் தோளில் போவதைப் பார்த்து நின்றது ஐயாவுவுக்கு முள்ளாகக் குத்தியது.

பிரதேச சபையிடம் கூலிக்குக் காசில்லை. குழாயும் கல்லும் தருகிறோம், வேலையை நீங்களே செய்யுங்கள் என்றார்கள். இல்லாவிட்டால் சாமான் வேறு ஊருக்குப் போய்விடும். ஐயாவுவின் தம்பி மகள் விஜயகலா முன்பள்ளி ஆசிரியை. அவள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்துக்கு ஆள் சேர்த்தாள். டவுன் கடைக்காரர் அஸீஸ் சாமான்களைத் தன் லொறியில் கொண்டுவந்து இறக்கினார்.

ஐயாவுவும் வந்தார். வெள்ளைச் சட்டையோடு மேட்டில் நின்று குடையை நீட்டினார்.

"அந்தக் கல்ல இங்கிட்டுப் போடு. யாரது உக்காந்திருக்கிறது?"

அதுவரை ஓடிய கைகள் தளர்ந்தன. ஒருவர் வெற்றிலை மடித்தார். இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

"என்னடா, கை ஓடலையா?"

பால்வெட்டும் இந்திரகுமார் மண்வெட்டியில் சாய்ந்தான். "நீங்க மேட்டுல நின்னா பெரட்டுக்கு வந்த மாதிரி இருக்குங்க. அரைப் பேரா முழுப் பேரான்னு கை கேக்குது."

குழிக்குள் சிரிப்பு எழுந்தது. பெரட்டு என்றால் காலையில் கங்காணி ஆள் கணக்கெடுப்பது; பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம்.

"கேட்டியா இவன் பேச்ச?" என்று ஐயாவு விஜயகலாவைப் பார்த்தார்.

"சரியாத்தானே சொல்றாரு, பெரியப்பா. கங்காணி நின்னா அது தோட்ட வேலை. சம்பளம் குடுக்கணும். யாருகிட்ட இருக்கு? ஒண்ணு கீழ எறங்குங்க. இல்லாட்டி வீட்டுக்குப் போயி பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் அந்த முகத்தை மறுபடி பார்த்திருக்க மாட்டார். ஆனால் வீட்டுக்குப் போய்விட்டால்? பாதை எப்படியும் எழும்பிவிடும். அதில் கங்காணி வீட்டுப் பங்கு இல்லை என்று நாளைக்கு ஊர் பேசும். அந்த வீட்டு ஆண்கள் அடுத்தவன் கூலிக்குத்தான் மண்வெட்டி பிடித்ததில்லை. இங்கே கூலி கொடுக்க எவனும் இல்லை. தன் பாதைக்குத் தான் இறங்கினால் யாருக்கும் கீழே நின்றதாக ஆகாது.

அவர் சட்டையைக் கழற்றி மடித்துக் கல்மேல் வைத்தார். முதுகு வளையாமல் குழிக்குள் இறங்கி, குழாயின் முன்பக்கத்தில் போய் நின்றார்.

"பின்னால நிக்கிற வழக்கம் எங்க வீட்டுல இல்ல. தோள் குடுங்கடா."

"மெதுவாங்க, இடுப்புப் புடிச்சுக்கும்" என்றான் இந்திரகுமார்.

"ஒன் இடுப்பப் பாரு."

குழாய் உருண்டு பள்ளத்தில் இறங்கியது. பொழுது சாயும்போது அஸீஸின் லொறி மதகைத் தாண்டி மேலே வந்தது.

அடுத்த கிளினிக் நாளில் பஸ் லயத்தடிவரை வந்தது. சுப்பம்மா நடந்தே ஏறினாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, பாதையைச் செய்தது யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

"பார ஹெதுவே கவுத?"

அவள் பக்கத்தில் ஐயாவு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பி தமயி" என்றார். நாங்கள்தான்.