ஜன்னலைப் பார்த்த நாற்காலி

2025 மார்ச் 9, ஞாயிறு பிற்பகல். பேருந்துப் பணிமனையின் ஓட்டுநர் ஓய்வறையில் நடந்த போக்கர் ஆட்டத்தில் ஹாரன் தொடர்ந்து நான்காவது வாரமாகத் தோற்றார்.

தேவையில்லாமல் ஒலியெழுப்பி ஓட்டுவதால் வந்த பெயர் அது. அங்கே காசு வைத்து ஆடுவதில்லை, தீக்குச்சிகள்தான். ஆனால் குச்சிகளை முதலில் இழப்பவர், அதிகம் சேர்த்தவரின் இரவுப் பணிகளையும் அடுத்த வாரம் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நான்கு வாரமும் சேர்த்தவன் அவருடைய மச்சினன். வீட்டில் அவர் மனைவிக்கு நிறைமாதம்.

"மறுபடியும் நீங்கதானா மாமா? ராத்திரிக் காத்து உடம்புக்கு நல்லதாம்," என்று மச்சினன் சீட்டுகளை அள்ளினான்.

ஹாரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான். எப்படி என்பதுதான் பிடிபடவில்லை. போன வாரம் புதுக் கட்டு வாங்கி வந்து பார்த்தார். அதற்கு முந்தைய வாரம் சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னார். "பேன்ட்டையும் கழட்டவா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தான். இவருக்கு நல்ல சீட்டு வந்தால் அவன் நழுவிக்கொள்வான். வெறுங்கையை வைத்துக்கொண்டு இவர் மிரட்டினால் துளியும் அசர மாட்டான்.

அடுத்த சுற்றுக்கு, ஹாரன் எழுந்த நாற்காலியில் பணிமனை மெக்கானிக் உட்கார்ந்தார். ஹாரன் மச்சினனுக்குப் பின்னால் போய் நின்று தண்ணீர் குடித்தார். தலை நிமிர்ந்தபோது, எதிரே மெக்கானிக் கையிலிருந்த ராணி தெளிவாகத் தெரிந்தாள்.

சீருடை சரிபார்க்க மாட்டிய ஆளுயரக் கண்ணாடி. அதற்கு முதுகைக் காட்டியபடி கிடந்தது அந்த நாற்காலி. அங்கிருந்து ஜன்னல் வழியாகத் தன் பேருந்து தெரியும் என்பதால் ஹாரன் வேறெங்கும் உட்கார மாட்டார். வண்டியில் ஏறினால் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காத மனிதர், இங்கே அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

தம்ளரை மேசைமேல் அறைந்தார்.

"கண்ணாடியப் பாத்துதான் நாலு வாரமா ஆடுனியாடா?"

"நான் எங்க எட்டிப் பாத்தேன்? நீங்கதான் விரிச்சுக் காட்டுனீங்க. கண்ண மூடிட்டா ஆட முடியும்?"

"ராத்திரி தனியாக் கெடக்குறது உங்க அக்காடா."

"அந்த நெனப்பு இருந்திருந்தா நீங்க சீட்டையே தொட்டிருக்கக் கூடாது மாமா."

ஹாரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். தீக்குச்சிகள் தரையில் சிதறின. மெக்கானிக் நடுவில் புகுந்து விலக்கினார்.

"அவன் பண்ணது அயோக்கியத்தனம்தான். ஆனா அந்த நாற்காலிக்கு உன்ன யாரும் இழுத்துட்டு வரல. தோத்தது தோத்ததுதான்."

ஆட்டத்திலிருந்த மற்ற இரண்டு ஓட்டுநர்களும் தலையாட்டினார்கள். நான்கு வாரமும் இவர் தோற்றதில் தப்பித்தவர்கள் அவர்கள். ஹாரன் சீட்டுக்கட்டை இரண்டு பிடியாகக் கிழித்துக் கழிவு எண்ணெய் வாளியில் போட்டுவிட்டு வெளியேறினார். பணி மாற்றத்தை நேரக்காப்பாளரிடம் மச்சினன் அதற்குள் சொல்லிவிட்டிருந்தான்.

புதன்கிழமை இரவு ஹாரனின் மனைவிக்கு வலி கண்டது. அவள் தம்பிதான் டாக்சி பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். பெண் குழந்தை. ஹாரன் விடிந்தபின் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார்.