மௌனசாமியின் அழுகை

தத்துப் போகும்வரை குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. பத்து வருடத்தில் ஒன்பது குழந்தைகள் அவள் இடுப்பிலிருந்து இறங்கிப் போயிருந்தார்கள். பத்தாவதாக வந்தவனுக்கு மூன்று மாதம். பசித்தாலும் அழமாட்டான், ஈரத்தில் கிடந்தாலும் அழமாட்டான். மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடியே கிடப்பான்.

"என்னடா மௌனசாமி, நிஷ்டையா?" என்று அவள் புருஷன் கேட்டார். அதுவே பெயராக நின்றுவிட்டது.

அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அழுது பார்த்து, யாரும் வராமல் ஓய்ந்துபோன பிள்ளை அது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவன் கேட்காமலே எல்லாம் செய்தாள். முகம் லேசாகச் சுருங்கினாலும் தூக்கினாள். பால் புகட்டும்போது கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். ஆறாவது வாரம் அவள் குளிக்கப் போன நேரத்தில், வீடே அதிரும்படி கத்தினான். தலையைக்கூடத் துவட்டாமல் ஓடி வந்தாள். புருஷன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருந்தார்.

"எதுக்குச் சிரிக்கிற? பிள்ளை அழறான்."

"என்னைத்தான் கூப்பிடறான்" என்றாள்.

அவனுக்கு ஒன்பது மாதம் ஆனபோது தத்தெடுக்க ஒரு பெண் வந்தாள். தபால் நிலையத்தில் எழுத்தர். தனியாள். பத்து நாள் தினமும் வந்து பழக வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் பை நிறையப் பொம்மைகளோடு கையை நீட்டினாள். அவன் வீறிட்டு, வளர்த்தவளின் கழுத்தை அட்டைபோலக் கட்டிக்கொண்டான்.

"என்னைப் பிடிக்கல போலக்கா."

"அப்படியில்லம்மா. ஆள் தெரிய ஆரம்பிச்சிருக்கு. ஒருத்தர்கிட்ட ஒட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு இன்னொருத்தர்கிட்டயும் ஒட்டத் தெரியும். பொம்மையை வெச்சுட்டுச் சும்மா பக்கத்துல உக்காருங்க."

ஐந்தாம் நாள் புதியவளே அவனைக் குளிப்பாட்டினாள். அவன் கத்தினான். சமையலறையில் இவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதால் ஆள் வரும் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தவள் இவள்தான். இனி வரவேண்டிய ஆள் வேறொருத்தி. துடைத்த மேடையையே மூன்று தடவை துடைத்தாள். மெல்ல அழுகை விக்கலாகி, விக்கல் அடங்கி, தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது.

பதினோராம் நாள் அவன் போனான். தன் வாசனை இருக்கட்டும் என்று, துவைக்காத போர்வை ஒன்றையும் கூடவே கொடுத்தனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனாள். கதவு திறந்தது. அவன் இவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஐயோ அக்கா, உங்களையே..." அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது.

"பயந்தா உங்க தோளுக்கு ஓடறான். இதுக்குத்தானே இத்தனை பாடு" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவனைத் தூக்கக் கையை நீட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் தவழ்ந்து வந்து அவள் செருப்பைத் தூக்கிக் கடித்தான். பிடுங்கியதும் அம்மாவைத் தேடிப் போய் முறையிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் கேட்டார்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். எடை போட்டிருக்கான்."

"உன்னைத் தெரிஞ்சுதா?"

"இல்ல."

அன்று இரவுப் பாத்திரங்களை அவரே கழுவினார்.