பின் சீட்டுக்கு இருபது மார்க்

பாடாங் கோத்தா திடலில் காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய கார் சங்கத்தின் கூடாரத்து நிழலில் அம்மாவைப் பட்டுச்சேலையோடு உட்கார வைத்திருந்தேன். நாங்கள் கொண்டுபோனது அறுபத்திரண்டாம் வருட ஆஸ்டின். மறுபடி பெயிண்ட் அடிக்காத, சீட்டு மாற்றாத கார்களுக்கு அங்கே தனிப் பிரிவு. தேறினால் 'அசல்' என்று சான்றிதழ், காரின் வரலாற்றோடு சட்டம் போட்டுத் தருவார்கள். அதில் அப்பா பெயர் வர வேண்டும். நான் வந்தது அதற்கு மட்டும்தான்.

அப்பா வேலு, மார்க்கெட் ஸ்திரீட் ஜவுளிக்கடை ராமதாஸ் முதலாளியின் டிரைவர். எண்பதாம் வருடம் முதலாளி புதுக் கார் வாங்கியதும் இதை அப்பாவிடம் தள்ளிவிட்டார். கார் பதிவுப் பத்திரமான கெரானில் பெயர் மாற்றித் தருகிறேன் என்றவர் கடைசிவரை மாற்றவில்லை. அப்பாவும் வாய் திறந்து கேட்கவில்லை. போன வருடம் சாகும்வரை தினமும் காரைத் துடைத்தார். என் முகத்தை ஒரு நாளாவது துடைத்துவிட்டாரா என்றால், இல்லை. அவர் போன பிறகு நான்தான் முதலாளி மகனிடம் சண்டை போட்டு என் பெயருக்கு மாற்றினேன்.

மதிப்பிட இரண்டு பேர் வந்தார்கள். ஹஸ்ருல் டார்ச் அடித்து அடிப்பாகமெல்லாம் பார்த்தார். ரூபினி மார்க் போடும் பாரத்தில் குறித்துக்கொண்டார். பின் கதவைத் திறந்ததும் ஹஸ்ருல் விசிலே அடித்துவிட்டார்.

"ரூபினி, இங்க வந்து பாரு! அறுபது வருஷத்துத் தோலு, ஒரு சுருக்கம் இல்ல. எப்பிடிண்ணே இப்பிடி வச்சிருந்தீங்க?"

"முதலாளிகிட்ட இருந்தப்ப மேல உறை போட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் யாரும் உக்காரல."

"சூப்பர்லா. இருபதுக்கு இருபது!"

கார் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அப்பாவுக்கு அது முதலாளி சீட்டுதான். முன்னால் அப்பா, அம்மா, அம்மா மடியில் தங்கை, காலடியில் நான். நாங்கள் முட்டிக்கொண்டு போவோம், பின்னால் சீட்டு காலியாக வரும். தங்கை பிறந்த அன்று அம்மா இடுப்பு வலியோடு மழையில் டிரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் போனாள். கார் வாசலில்தான் நின்றது. பனிக்குடம் உடைந்து தோல் கெட்டுவிடுமாம்! அதற்கு மார்க் போடுகிறார்கள்.

ரூபினி எழுதியதைப் படித்துக் காட்டினார். "ராமதாஸ் குடும்பத்தாரின் அக்கறையான பராமரிப்பில்..."

"எங்கப்பா பேரு எங்கே?"

"கெரான்ல முதல் ஓனர் ராமதாஸ், அப்புறம் நேரா நீங்கண்ணே. வேலுன்னு எங்கயும் இல்ல."

"நாப்பத்தஞ்சு வருஷம் தொடச்சது யாரு? ராமதாஸா?"

"புரியுதுண்ணே," என்றார் ஹஸ்ருல். "ஆனா டிரைவருக்கு பாரத்துல எடமில்ல. ரூல்ஸ் அப்பிடி."

நான் பின் கதவை அகலத் திறந்து பிடித்தேன். "அம்மா, வா. ஏறி உக்காரு."

"டேய் மோகன், அப்பா திட்டுவாருடா."

"அவரு செத்துட்டாரும்மா!"

ஹஸ்ருல் குறுக்கே வந்தார். "அண்ணே, வேணாம்லா! காஞ்ச தோலு, உக்காந்தா கிழிஞ்சிடும். சர்டிபிகேட்டே போயிடும்!"

"போகட்டும் தம்பி. அவரு பேரில்லாத சர்டிபிகேட்ட வச்சு நான் என்ன பண்றது?"

அம்மா மெல்ல நடந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். பிறகு செருப்பைப் புல்லில் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக் காலை உள்ளே வைத்தாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"செருப்பப் போட்டுக்கிட்டு ஏறும்மா!" என்று கத்தினேன். பக்கத்துக் கார்க்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா காலை வெளியே எடுத்தாள், செருப்பை மாட்டினாள், ஏறி நடுவில் உட்கார்ந்தாள். தோல் டர்ரென்று கிழிந்தது. ரூபினி பேனாவை எடுத்து இருபதை அடித்தார்.

அம்மா ஒரு தடவை லேசாக எழும்பி உட்கார்ந்து பார்த்தாள். கையால் சீட்டை அழுத்தினாள். பிறகு முழுசாகச் சாய்ந்துகொண்டாள். கிழிசல் இன்னும் நீண்டது.

"இவ்ளோ மெத்துன்னு இருந்திருக்கேடா," என்றாள். "பாவி மனுசன்."