பிளாக்பெர்ரிக்கு அடகு வைத்த மீசை

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் படத்தில் பிறந்தது. மலையின் மௌனம், மண்ணின் குரல் என்று உன்னதமான மூலத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே போக பஸ் இருக்கிறது. படத்தில் போன வருஷத்துப் போகி நெருப்பு. பக்கத்தில், வெட்டிய முட்கொடிகளை அள்ளிப் பிடித்தபடி ஒரு மீசை. மீசைக்குப் பின்னால் ஒரு மனிதர். கீழே வாசகம்: 'என் பிளாக்பெர்ரித் தோட்டத்தில் மரபுப் போகி.'

உடனே எழுதினேன்:

[புருஷோத்தமன் கத்தரியை விரித்தார். இளவரசி வாயைத் திறந்து—]

யார் இளவரசி? எதற்கு வாயைத் திறக்கிறாள்? உங்களுக்கு ஒன்றும் புரியாது. வெட்டினேன்.

2

[ஜவ்வாது மலையின் பனி, வெள்ளிச் சல்லடையென...]

இதையும். பனியைச் சல்லடை என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

நேராகவே சொல்கிறேன். புருஷோத்தமன் திருப்பத்தூரில் ஓய்வு பெற்ற அதிகாரி. (எந்த அலுவலகம் என்று சொன்னால் வம்பு.) மலையில் வீடு கட்டிக் குடிவந்ததும், மனைவி இளவரசி ஆசையாகப் போட்ட அவரைப் பந்தலைப் பிரித்துவிட்டு அங்கே பிளாக்பெர்ரி நட்டார். அவரைக்காயைப் படமெடுத்துப் போட்டால் யார் கைதட்டுவார்கள்? கொடிகளைக் கம்பியில் இழுத்துக் கட்டினார். முள் வந்தது, இலை வந்தது, சொற்பொழிவு வந்தது. பழம் மட்டும் வரவில்லை.

தீபாவளி விருந்துக்கு வந்த சம்பந்தி சந்திரன் கொல்லையை ஒரு சுற்று சுற்றினார்.

"இன்னா சம்பந்தி, வேலிக்கு முள்ளு நட்டுக்கினு கீறீங்களா?"

"பிளாக்பெர்ரிங்க அது! வர்ற கோடைக்குக் கூடையோட அனுப்பறேன்."

"இதத்தான் போன கோடைக்கும் சொன்னீங்க. எங்க வூட்ல கூடை காலியாவே கீது."

புருஷோத்தமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த தடவ காய்க்கலன்னா மீசைய எடுத்துட்றேன்! செடியப் புடுங்கிட்டு இவ அவரையவே போட்டுக்கட்டும்!"

பாயசக் கரண்டியோடு நின்றிருந்த இளவரசிக்குக் கேட்டது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

3

இங்கே ஒரு தகவல் தேவை. பிளாக்பெர்ரியில் இந்த வருஷம் முளைக்கும் தண்டு அடுத்த வருஷம்தான் காய்க்கும். புருஷோத்தமனோ ஒவ்வொரு போகிக்கும் எல்லாத் தண்டுகளையும் தரையோடு வெட்டி, கொளுத்தி, படம் போடுகிறார். காய்க்க வேண்டியதெல்லாம் 'அருமை சார்' வாங்கிக்கொண்டு சாம்பலாகிறது.

(இதைப் பக்கத்து நிலத்து மாதையன் வாயால் சொல்லவைத்து, படித்தவர் தலைகுனிய, நீங்கள் நெகிழ என்று ஒரு திட்டம் இருந்தது. மாதையன் பிளாக்பெர்ரியைப் பார்த்ததே இல்லை. புளி உலுக்கப் போய்விட்டார்.)

இளவரசிக்குத் தண்டு விஷயம் தெரிந்தது இந்தப் போகிக்கு ஒரு வாரம் முன்பு, போனில் ஊறுகாய் வீடியோ தேடியபோது தானாக ஓடிய இன்னொரு வீடியோவில். சொன்னால் கோடையில் பழம். கூடவே மீசை, சொற்பொழிவு, மிச்சக் கொல்லையிலும் பிளாக்பெர்ரி. சொல்லாவிட்டால் அவரைப் பந்தல்.

சொல்லக்கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தாள். ஆனால் போகிக்கு முந்தின நாள் காலை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் செடிமுன் குந்தி ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு குடும்மா, போதும்," என்றார். அந்தக் குரலை அவள் அலுவலக நாட்களிலும் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்டதில்லை.

(இந்த இடத்தில் நானும் கொஞ்சம் கெட்டுப்போனேன். அதுவரை மீசையை எடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன்.)

4

முடிவு அ: அவள் சொல்கிறாள். கோடையில் பழம். அவர் 'நான் கண்டறிந்த உண்மை' என்று பதிவு போடுகிறார். சகிக்கவில்லை.

முடிவு ஆ: அவள் சொல்லவில்லை. பந்தலில் அவரை பூக்கிறது. கீழே, வழித்த உதட்டோடு ஒருவர் யாரிடமும் பேசாமல்... இதுவும் முடியவில்லை.

ஆக, போகி காலை. நெருப்பு தயார். அவர் கத்தரியோடு நிற்கிறார்.

"இன்னாங்க..."

"இன்னா? சீக்கிரம் போன புடி. மீசை நல்லா தெரியறா மாதிரி எடு."

அவள் போனை வாங்கிக்கொண்டாள். திரையில் மீசை நடுவில் இருக்கிறது. ஓரத்தில், இன்னும் வெட்டாத தண்டுகள்.

முதலில் வெட்டிய வரியை நான் கொளுத்திவிடவில்லை. இதோ, எடுத்துக்கொள்ளுங்கள். காய்ப்பது உங்கள் பொறுப்பு:

புருஷோத்தமன் கத்தரியை விரித்தார். இளவரசி வாயைத் திறந்து—